பத்தொன்பதாவது குடம்

செவலைக் குதிரையும் செம்மண் ஊரும்
ஒன்றையொன்று காட்டிக்கொடுப்பதில்லை.
பள்ளத்தூர்ப் புழுதியில் புரண்டு எழுந்தால்
எது மாதுளை, எது மண் என்று
ஈக்குத்தான் தெரியும்.

நாளைக் காலை எட்டு மணிக்கு
தேவகோட்டைத் திடலில் குதிரைக் காட்சி.
நடுவர் வெள்ளைக் கைக்குட்டை வைத்திருப்பாராம்.
முடிக்கு எதிராக ஒரே இழுப்பு.
கைக்குட்டை சொல்வதுதான் மார்க்.

முதலில் ரப்பர் பிரஷ். வட்டம், வட்டம்,
கழுத்தில் தொடங்கிப் பின்தொடை வரை.
உதிர்ந்ததைக் கூட்டி அள்ளினால்
இன்னொரு குட்டி செய்யலாம்.
வாலுக்கு விரல் மட்டும்,
நுனியிலிருந்து மேலே, சிக்குச் சிக்காக.
சீப்பு போட்டால் எட்டி உதைப்பாள்;
நியாயம்தான், நானும் அப்படித்தான்.

போர் தண்ணீர் உதவாது.
உப்பில் ஷாம்பு மோராய்த் திரியும்,
காய்ந்த பிறகு முதுகெல்லாம் வெள்ளைத் திட்டு.
ஊருணியில் குதிரையை இறக்கினால்
ஊர் என்னை இறக்கிவிடும்.
ஆகவே குடம்.
டிவிஎஸ் வண்டியில் பக்கத்துக்கு ஒன்று,
தளும்பித் தளும்பி, நடை நடையாய்.

முதல் குடம் சிவப்பாய் ஓடியது.
நான்காவதும் சிவப்பு.
ஒன்பதாவதில் கை நின்றுவிட்டது:
அழுக்குதான் போகிறதா,
இல்லை இவளே கரைகிறாளா?

பத்தொன்பதாவது குடம்
ஊற்றிய நிறத்திலேயே இறங்கி வந்து
என் காலடியில் தேங்கியது.

அப்போதுதான் பார்த்தேன்.
நெஞ்சில், முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே,
எட்டணாக் காசு அகலத்துக்கு
ஒரு சுழி.

வாங்கும்போது மழை. இடுப்புவரை சேறு.
'கழுவாமக் கூட்டிப் போ தாயி,
மண் வாசம் மாறினா மிரளும்' என்றார் தரகர்.
அவர் மிரண்டது எதற்கென்று இன்றைக்குப் புரிகிறது.
பாதி விலைக்குக் கிடைத்தாளே என்று
அன்று பூபாலனுக்குப் பால்பாயசம் வைத்தேன்.

லாடம் பார்க்க வந்த ஜலால் குனிந்தார், நிமிர்ந்தார்,
நாக்கைத் தட்டினார்.
'வாங்கினவங்களை வாழவிடாத சுழின்னு சொல்லுவாங்க.
எனக்கு நம்பிக்கை இல்லை.
ஆனாலும் தேங்காயெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டுப்
படிய வாரிடுங்க.'

எனக்கு உச்சியில் இரட்டைச் சுழி.
பெண் பார்க்க வந்த அன்று
அம்மா கோண வகிடு எடுத்து
நாலு முழம் கனகாம்பரத்தை மேலே கவிழ்த்தாள்.
கல்யாணம் இதுவரை ஒன்றுதான் நடந்திருக்கிறது.
இன்னொன்று பாக்கி நிற்கிறது என்று
கேபிள் பில் வரும்போதெல்லாம்
பூபாலன் ஞாபகப்படுத்துகிறான்.

எண்ணெய் வைத்தால் புழுதி ஒட்டும்.
கண்ணோரம் ஒரு துளி, மூக்கில் ஒரு துளி,
அதோடு மூடி வைத்துவிட வேண்டும்.
மினுக்கு என்பது நாற்பது நாள்
கொள்ளோடு கலந்த ஆளிவிதை;
நாம் செய்வது வெளியே வழிவிடுவது மட்டும்.

பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்து
முடி போகிற போக்கிலேயே தேய்த்தேன்.
முதுகில் நேராக, விலாவில் சாய்வாக.
நெஞ்சுக்கு வந்ததும் கையும் சுழன்றது,
உள்ளிருந்து வெளியே, உள்ளிருந்து வெளியே.
அவள் கண்ணைப் பாதி மூடி
கீழுதட்டைத் தொங்கவிட்டாள்.
குண்டு பல்பின் மஞ்சள் முழுவதும்
அந்த எட்டணாவுக்குள் வந்து விழுந்தது.

காலை.
கைக்குட்டை வெள்ளையாகப் போய்
வெள்ளையாகத் திரும்பியது.
பிறகு அவர் விரல் நெஞ்சில் நின்றது.

'இது இருக்கிறது தெரியுமா?'

'தெரியும் சார்.
அங்கேதான் ரொம்ப நேரம் தேய்த்தேன்.'

நோட்டில் ஏதோ எழுதினார்.
எனக்குத் தலைகீழாக இருந்தது, படிக்க முடியவில்லை.
மாதுளை வாலை ஒரு வீசு வீசினாள்.
ஒரு சிக்கு இல்லை.